கோளாறு ஆண்டெனாவில் இல்லை, ஆடியோ ஒயரில்

எஃப்டி8 (ரேடியோவையும் லேப்டாப்பையும் இணைத்து, சின்னச் செய்திகளை டோன்களாக அனுப்பும் அமெச்சூர் ரேடியோ முறை) போடத் தொடங்கும் நண்பர்களிடமிருந்து வரும் போன்கள் பெரும்பாலும் இரண்டே வகைதான். "அண்ணே, வாட்டர்ஃபால்ல கோடு கோடா வருது, ஒண்ணுகூட டீகோட் ஆக மாட்டேங்குது" என்பது முதல் வகை (வாட்டர்ஃபால் என்றால் வரும் சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரை, டீகோட் என்றால் மென்பொருள் அவற்றை எழுத்தாகப் படிப்பது). "எனக்கு எல்லாரும் கேக்குறாங்கண்ணே, என்னைத்தான் ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்" என்பது இரண்டாவது. கூடவே ஒரு திட்டமும் தயாராக இருக்கும்: ஆண்டெனாவை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமா, பக்கத்து வீட்டு வேப்பமரத்துக்கு இழுத்துக் கட்டலாமா, வேறு ரேடியோ வாங்கலாமா. ஒன்றும் வேண்டாம் என்றுதான் நான் முதலில் சொல்வேன். மொட்டை மாடிக்கு ஏறும் முன்னால், ரேடியோவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே கிடக்கும் அந்தக் குட்டி ஒயரையும் அது போய்ச் சேரும் சவுண்ட் கார்டையும் பாருங்கள். மதுரை சுற்றுவட்டாரத்தில் நான் போய்ப் பார்த்த ஷாக்குகளில் (ரேடியோ வைத்திருக்கும் அறைகளில்) பெரும்பாலும் கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

எஃப்டி8 தெரியாதவர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஜோ டெய்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், ரஸ்ஸல் ஹல்ஸோடு சேர்ந்து இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்ததற்காக 1993இல் நோபல் பரிசு வாங்கியவர். அவரும் நம்மைப் போல ஒரு ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர், கே1ஜேடி என்பது அவருடைய அழைப்புக்குறி. இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் சிக்னலைத் தோண்டி எடுக்க 2001இல் டபிள்யூஎஸ்ஜேடி என்ற மென்பொருளை வெளியிட்டார். அதன் வழியில் வந்த டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸைத்தான் இன்று ஊரெல்லாம் ஓட்டுகிறோம். ஸ்டீவ் ஃபிராங்கேயும் அவரும் சேர்ந்து 2017இல் அதில் சேர்த்ததுதான் எஃப்டி8. 15 வினாடிக்கு ஒரு செய்தி, அது 12.64 வினாடி நீளம், எட்டு டோன்கள், டோனுக்கு டோன் 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி, மொத்தமே 50 ஹெர்ட்ஸ் அகலம். 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் இருக்கும் இரைச்சலைவிட 20 டெசிபல் கீழே கிடக்கும் சிக்னலையும் படித்துவிடும். காதுக்கு வெறும் 'உஸ்ஸ்' மட்டும் கேட்கிற நேரத்தில் திரையில் பிரேசில்காரர் அழைப்புக்குறி வந்து நிற்பது இப்படித்தான்.

இவ்வளவு வித்தையும் நடப்பது ஆடியோவில். ரேடியோ செய்வது ஒரே வேலைதான், 14.074 மெகாஹெர்ட்ஸில் வருவதைக் கீழே இறக்கி, 200 ஹெர்ட்ஸிலிருந்து 3000 ஹெர்ட்ஸ் வரையிலான சத்தமாக்கி லேப்டாப்பிடம் கொடுப்பது. அனுப்பும்போது அதே வழியில் திரும்பிப் போகிறது. நடுவில் உள்ள அந்தச் சத்தம் நசுங்கியோ, கீறியோ, விட்டு விட்டோ போனால் மேலே எவ்வளவு உயரத்தில் ஆண்டெனா இருந்தும் பயனில்லை.

முதலில் கேட்கும் பக்கம். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் இடது கீழ் மூலையில் பச்சையாக ஒரு பட்டை ஏறி இறங்கும், பக்கத்தில் டெசிபல் எண் இருக்கும். பேண்டில் (நாம் கேட்கும் அலைவரிசைப் பகுதியில்) ஸ்டேஷன் எதுவும் இல்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும்போது அது சுமார் 30இல் நிற்க வேண்டும். பலர் இதை 60, 70 என்று ஏற்றி வைத்துக்கொண்டு "சிக்னல் நல்லா வருது" என்பார்கள். வரவில்லை, சத்தம்தான் நன்றாக வருகிறது. 16 பிட் சவுண்ட் கார்டு தாங்கக்கூடிய உச்சம் அந்த அளவுகோலில் 90க்குப் பக்கம். 30இல் வைத்தால் பக்கத்துத் தெரு ஸ்டேஷன் திடீரென்று போட்டாலும் மேலே 60 டெசிபல் இடம் காலியாக இருக்கும். 70இல் வைத்தால் இருப்பது 20 மட்டும். பலமான ஸ்டேஷன் ஒன்று வந்ததும் அலையின் தலை வெட்டப்பட்டு, இல்லாத இடத்திலெல்லாம் கோடுகள் முளைத்து, அடியில் கிடந்த மெல்லிய சிக்னல்கள் எல்லாம் காணாமல் போகும். சத்தத்தைக் கூட்டினால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தேதான் கூடும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு துளிகூட மாறாது. டீகோடருக்கு வேண்டியது அந்த இடைவெளி மட்டும்தான்.

பட்டை 0இலேயே கிடக்கிறதா? அப்போது ஒயரைப் பிடுங்காதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனியுரிமைப் பக்கத்தில் டெஸ்க்டாப் மென்பொருள்கள் மைக்கைப் பயன்படுத்தலாமா என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஏதோ அப்டேட் வந்து அது அணைந்திருக்கும். அதுவும் சரியென்றால் செட்டிங்ஸில் எந்தச் சவுண்ட் கார்டு தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ரேடியோவுக்குள்ளேயே சவுண்ட் கார்டு இருக்கும் மாடல்கள் விண்டோஸில் பெரும்பாலும் 'யுஎஸ்பி ஆடியோ கோடெக்' என்றுதான் தெரியும். ஒயரை இன்றைக்கு வேறு போர்ட்டில் செருகினால் அதே கார்டு '2- யுஎஸ்பி ஆடியோ கோடெக்' என்று புதுப் பெயரில் வந்து நிற்கும், மென்பொருளோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி 'ரேடியோ' என்று எழுதி வைப்பதைவிட இதற்கு நல்ல மருந்து எனக்குத் தெரியாது. இன்னொன்று, கண்ட்ரோல் பேனலில் அந்த கார்டுக்குப் பெயர் மாற்றும் வசதியும் உண்டு, என் ரேடியோ என்று தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் விண்டோஸின் அதிகப்பிரசங்கித்தனம். மைக்கில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பின்னணி இரைச்சலை நீக்குகிறேன், எதிரொலியை நீக்குகிறேன், சத்தத்தைத் தானாகச் சமன் செய்கிறேன் என்று கிளம்பிவிடும். மனிதக் குரலுக்கு இதெல்லாம் சரி. எஃப்டி8 டோன் ஒவ்வொன்றும் அதன் கண்ணுக்குப் பின்னணி இரைச்சல்தான், நமக்கு வேண்டியதையே அழகாகத் துடைத்துப் போட்டுவிடும். ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் என்று எங்கே இருந்தாலும் அணைத்துவிடுங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குட்டி யுஎஸ்பி சவுண்ட் கார்டுகளில் பெரும்பாலும் சிஎம்108 வகைச் சிப்தான் இருக்கும். அதன் மைக் பகுதியில் ஏஜிசி (சத்தத்தைத் தானாகச் சமன் செய்வது) என்று தனியாக ஒரு டிக் இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். விண்டோஸில் சாம்பிள் ரேட்டை 48000, 16 பிட் என்று இரண்டு பக்கமும், அதாவது ஒலிப்பதிவிலும் ஒலி வெளியீட்டிலும், வைத்துவிடுங்கள். ரேடியோவிலும் இதே கதை: நாய்ஸ் ரிடக்‌ஷன், நாட்ச், நாய்ஸ் பிளாங்கர் எல்லாம் காதால் கேட்பவருக்காகச் செய்தது. அணையுங்கள். ஃபில்டரை 3 கிலோஹெர்ட்ஸ் வரை திறந்து வையுங்கள், குறுக்கி வைத்தால் வாட்டர்ஃபாலின் வலது பக்கம் இருட்டாக இருக்கும், அங்கே கூப்பிடுபவர் உங்களுக்கு இல்லாதவர் மாதிரி.

இதையெல்லாம் செய்தும் கோடுகள் அழகாக வந்து, டீகோட் மட்டும் ஆகவில்லை என்றால் ஆடியோவை விட்டுவிட்டு இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, 40 மீட்டரில் பேச்சுக்கு லோயர் சைட்பேண்ட் (சத்தத்தை அலைவரிசையின் கீழ்ப்பக்கம் வைத்து அனுப்பும் முறை) என்ற பழக்கத்தில் ரேடியோ அங்கேயே இருக்கும். எஃப்டி8க்கு 7.074இலும் அப்பர் சைட்பேண்ட்தான். லோயரில் போட்டால் டோன் வரிசை தலைகீழாகிவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, மென்பொருளுக்கு ஒரு எழுத்தும் புரியாது. மற்றது கடிகாரம். டீடி (நேர வித்தியாசம், வினாடியில்) என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதில் எல்லாருக்கும் 1.4, 1.5 என்று ஒரே பக்கமாக வந்தால் ஊர் முழுக்கத் தப்பில்லை, உங்கள் லேப்டாப் கடிகாரம்தான் தப்பு. இரண்டு வினாடியைத் தாண்டினால் டீகோட் நின்றே போகும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அண்ணன், சவுண்ட் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி புதிதாக ஒன்று வாங்கியும் விட்டார். தோட்டத்து வீடு, நெட் கிடையாது, லேப்டாப்பில் பழைய சிமோஸ் பேட்டரி. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு நேரத்தை ஒத்திசைத்ததும் அடுத்த 15 வினாடியில் திரை நிறைந்தது. "இதுக்குப் போயா தம்பி எண்ணூறு ரூவா குடுத்தேன்" என்றார். உசிலம்பட்டி கிரிட் (ஹாம்கள் உலக வரைபடத்தைப் பிரித்துப் பெயரிடும் கட்டம்) எம்ஜே89, கேட்பவர்களுக்கு அவ்வளவாகக் கிடைக்காத கட்டம் என்பதால் அன்று மாலை அவரைப் பலரும் விரட்டி விரட்டிக் கூப்பிட்டார்கள், எண்ணூறு ரூபாய் மறந்துபோனது.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு. சாம்பிள்கள் நடுவில் தொலைந்துபோவது. மின்சிக்கனப் பயன்முறையில் பிராசஸர் தூங்கி வழியும்போதோ, பிரவுசரில் இருபது டேப் திறந்திருக்கும்போதோ, சவுண்ட் கார்டு கொடுக்கும் துண்டுகளை லேப்டாப் வாங்கத் தவறிவிடும். வாட்டர்ஃபாலில் கூர்ந்து பார்த்தால் குறுக்கே மெல்லிய கீறல் மாதிரி தெரியும். காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டால் 'டிக், டிக்'. புதிய பதிப்புகளில் சாம்பிள் தொலைகிறது என்று மென்பொருளே எச்சரிக்கும். பவர் பிளானை மாற்றி, யுஎஸ்பி ஹப் வழியாகப் போகாமல் நேராக லேப்டாப்பில் செருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி, ஊர்ச் சமாச்சாரம். மதுரையில் வீட்டுக்குள்ளிருந்து ரேடியோ போடுபவர்களுக்கு ஹம் என்பது கூடப் பிறந்தது. லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கில், ரேடியோவின் பவர் சப்ளை இன்னொரு பிளக்கில், ஆடியோ ஒயரின் ஷீல்டு இரண்டையும் இணைக்கிறது. இரண்டு பிளக்கின் எர்த்தும் ஒன்றல்ல, சில வீடுகளில் எர்த்தே பெயருக்குத்தான். அந்த ஷீல்டு வழியாக மின்சாரம் ஓட ஆரம்பித்தால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஆடியோவில் ஏறிவிடும். சோதனை சுலபம்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வாட்டர்ஃபாலின் இடது ஓரத்துக் கோடுகள் மறைந்தால் குற்றவாளி பிடிபட்டார். இதற்கு நிரந்தர வைத்தியம் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், 600 ஓம்ஸ், ஒன்றுக்கு ஒன்று. டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் காயலான் கடையில் பழைய டயல்-அப் மோடம் ஒன்றை வாங்கிப் பிரித்தால் உள்ளே கருப்பாகவோ மஞ்சள் டேப் சுற்றியோ ஒன்று உட்கார்ந்திருக்கும், அதேதான். கேட்க ஒன்று, அனுப்ப ஒன்று என இரண்டு வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பக்க எர்த்தையும் ஒன்றாகச் சாலிடர் செய்யாதீர்கள், செய்தால் அதைப் போட்டதற்கே அர்த்தமில்லை. பிடிடியை (ரேடியோவை அனுப்பும் நிலைக்கு மாற்றும் சுவிட்சை) அதே ஒயர்க்கட்டில் டிரான்சிஸ்டர் வழியாக எடுத்தால் அங்கேயும் எர்த் சேர்ந்துவிடும், அதற்கு ஆப்டோகப்ளர் (மின் இணைப்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிப்) போட வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் ஹம் போகவில்லை என்பார்கள்.

ஆனால் எல்லா இரைச்சலும் ஒயரில் வருவதில்லை, ஆண்டெனா வழியாகவும் வரும். பிரித்தறிய வழி ஒன்றுதான்: ஆண்டெனா கனெக்டரைக் கழற்றுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் உள்ளே பாருங்கள், இறங்கினால் வெளியே பாருங்கள். வெளியே என்றால் எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், கரண்ட் போனால் ஓடும் இன்வர்ட்டர், சோலார் பேனலின் சார்ஜ் கண்ட்ரோலர். சித்திரைத் திருவிழா சமயத்தில் எங்கள் தெருவில் மண்டகப்படிப் பந்தலுக்கு சீரியல் செட் ஏறியதும் 20 மீட்டரில் பட்டை தானாகவே மேலே ஏறிக்கொள்ளும். அழகர் ஆற்றில் இறங்கித் திரும்புகிற வரைக்கும் நான் அந்த நாட்களில் எஃப்டி8ஐத் தொடுவதே இல்லை, அது சண்டை போட்டு ஜெயிக்கிற விஷயமில்லை. அந்த நேரத்தில் ஆடியோ செட்டிங்கை மாற்றாதீர்கள் என்பதுதான் முக்கியம். விழா முடிந்த பிறகு, முன்பு சரியாக இருந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அனுப்பும் பக்கத்தில்தான் பெரிய பிரச்சினை, ஏனென்றால் அங்கே தப்பு செய்தால் நமக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும். கோயில் கொடையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஆம்ப்ளிஃபயர் குமிழைக் கடைசி வரை திருப்பி வைத்தால் எல் ஆர் ஈஸ்வரி பாட்டு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ரேடியோவுக்கு ஆடியோவை அதிகமாகக் கொடுத்தாலும் அதேதான் ஆகிறது. ஒரே ஒரு டோனை நீங்கள் 700 ஹெர்ட்ஸில் வைத்து அளவுக்கு மேல் ஓட்டினால் 1400இலும் 2100இலும் அதன் நகல்கள் கிளம்பும். மூன்றும் ரேடியோவின் ஃபில்டருக்குள்ளேயே இருப்பதால் மூன்றும் காற்றில் போகும். மற்றவர்கள் திரையில் உங்கள் அழைப்புக்குறி மூன்று இடத்தில் தெரியும், பெருமைப்பட வேண்டிய விஷயமல்ல. அதனால்தான் டோனை 1500க்கும் 2000க்கும் நடுவே வைக்கச் சொல்கிறார்கள், இரட்டிப்பு 3000க்கு மேலே போய் ஃபில்டரில் அடிபட்டுவிடும். மென்பொருளில் ஸ்ப்ளிட் ஆபரேஷன் என்ற இடத்தில் 'ரிக்' அல்லது 'ஃபேக் இட்' என்று போட்டுவிட்டால், நீங்கள் எங்கே கிளிக் செய்தாலும் ஆடியோவை அந்த நல்ல இடத்திலேயே வைத்துக்கொண்டு ரேடியோவின் அதிர்வெண்ணை அதுவே நகர்த்திக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. கேட் ஒயர் (லேப்டாப் ரேடியோவைக் கட்டுப்படுத்தும் ஒயர்) இருந்தும் இதை அணைத்து வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும்.

அளவை எப்படி வைப்பது? டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சுமை) போடுங்கள். டியூன் பொத்தானை அழுத்துங்கள். ரேடியோவில் மீட்டரை ஏஎல்சிக்கு (ஆடியோ மிஞ்சினால் ரேடியோ தானாக அடக்கும் ஏற்பாடு) மாற்றுங்கள். மென்பொருளின் வலது ஓரத்துப் பவர் ஸ்லைடரை அடியிலிருந்து மெல்ல மேலே கொண்டுபோங்கள். வாட் ஏறும், ஒரு கட்டத்தில் ஏஎல்சி முள் அசைய ஆரம்பிக்கும். அங்கிருந்து சற்றுக் கீழே இறக்கி நிறுத்துங்கள். அவ்வளவுதான். சில ரேடியோக்களில் ஏஎல்சி கொஞ்சம் காட்டுவதே இயல்பு, அதற்கு அந்த ரேடியோவின் கையேட்டைப் பாருங்கள். ஸ்பீச் கம்ப்ரஸர் அணைந்திருக்க வேண்டும். பேண்ட் மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும், எல்லா பேண்டிலும் ஒரே அளவு ஆடியோவுக்கு ஒரே வாட் வராது. வாட்டும் முழுசாக வேண்டாம்: 15 வினாடியில் 12.64 வினாடி இடைவிடாமல் முழுப் பலத்தில் போகும் சிக்னல் இது, பேச்சு மாதிரி ஏறி இறங்காது. அக்னி நட்சத்திர வெயிலில் மாடி அறையில் 100 வாட் ரேடியோவை 100 வாட்டிலேயே ஓட்டினால் அதன் ஃபைனல் டிரான்சிஸ்டருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 30 வாட்டில் ஐரோப்பா போகும், பேண்ட் திறந்திருந்தால் 5 வாட்டிலும் போகும்.

ரேடியோவில் சவுண்ட் கார்டு இல்லாதவர்கள், குறிப்பாக ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகையறாக்களைத் தாங்களே சாலிடர் செய்து கட்டியவர்கள், லேப்டாப் ஹெட்போன் ஜாக்கிலிருந்து நேராக மைக் ஜாக்குக்கு ஒயர் போடுவார்கள். ஹெட்போனில் வருவது ஒரு வோல்ட் அளவு, மைக் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். நடுவே ஒரு அட்டெனுவேட்டர் கட்டாயம்: 10 கிலோ ஓம் தொடரிலும் 100 ஓம் குறுக்கிலும் போட்டால் நூறில் ஒரு பங்காகும், அதாவது 40 டெசிபல். மைக் ஜாக்கில் எலெக்ட்ரெட் மைக்குக்காக டிசி வோல்டேஜ் இருக்கும், அதைத் தடுக்க ஒரு மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்துவிடுங்கள். இது இல்லாமல் விண்டோஸ் ஸ்லைடரை 2 சதவீதத்தில் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த அடிமட்டத்தில் லேப்டாப்பின் சொந்த இரைச்சலும் உங்கள் டோனும் ஏறக்குறைய தோளோடு தோள் நிற்கும். இப்போதைய லேப்டாப்களில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் சேர்த்து நான்கு தொடர்பு கொண்ட ஜாக் ஒன்றுதான் இருக்கும், அதற்குப் பிரிக்கும் ஒயர் வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சாதா ஸ்டீரியோ பின்னைச் செருகிவிட்டு ஆடியோ உள்ளே வரவில்லை என்று காத்திருக்கக் கூடாது.

வாக்ஸில் (சத்தம் வந்ததும் ரேடியோ தானாக அனுப்பத் தொடங்கும் வசதி) ஓட்டுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. லேப்டாப்பின் டிஃபால்ட் ஸ்பீக்கர் ரேடியோவின் சவுண்ட் கார்டாக இருந்தால், மெயில் வந்த 'டிங்' முதல் வீடியோவுக்கு நடுவே வரும் விளம்பரம் வரை எல்லாம் காற்றில் ஏறும். 7.074இல் ஒரு மாலை நேரம் ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்றை முழுதாகக் கேட்டோம், தீபாவளித் தள்ளுபடி விவரத்தோடு. யார் என்று சொல்ல மாட்டேன், அவர் எனக்கு மூத்தவர். அமெச்சூர் பேண்டில் பாட்டும் விளம்பரமும் போடுவது உரிமத்துக்கே எதிரானது என்பதால் இதை வெறும் சிரிப்பாக விட முடியாது. விண்டோஸின் டிஃபால்ட்டை லேப்டாப் ஸ்பீக்கருக்கே விட்டுவிட்டு, ரேடியோ கார்டை டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸுக்குள் மட்டும் தேர்ந்தெடுங்கள். ரேடியோவை டேட்டா மோடில் போட மறந்தால் இன்னொரு கூத்து நடக்கும்: கையில் பிடிக்கும் மைக்கும் உயிரோடு இருக்கும், மின்விசிறிச் சத்தமும் அடுப்படியில் குக்கர் விசிலும் டோனோடு சேர்ந்து போகும்.

டிரான்ஸ்மிட் செய்யும்போது மட்டும் மவுஸ் உறைவது, யுஎஸ்பி கார்டு 'டொய்ங்' என்று கழன்று திரும்ப வருவது, ஏஎல்சி முள் காரணமில்லாமல் ஆடுவது, பிடிடி விடாமல் பிடித்துக்கொள்வது: இவை எல்லாம் ஆடியோ செட்டிங்கால் வருவதில்லை. ஆர்எஃப், அதாவது நாம் அனுப்பும் ரேடியோ அலை, திரும்பி ஷாக்குக்குள் வருகிறது. மொட்டை மாடியில் எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் இணைக்கும் ஒயர் ஆண்டெனா) கட்டி, கோஆக்ஸை (ஆண்டெனா கேபிளை) ஜன்னல் வழியாக நேராக மேஜைக்கு இறக்கியவர்களுக்கு இது அடிக்கடி வரும், கோஆக்ஸின் வெளித்தோலே ஆண்டெனாவின் மிச்சப் பாதியாக வேலை செய்கிறது. 5 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள், பிரச்சினை மறைந்தால் நோய் இதுதான். கோஆக்ஸை எஃப்டி240-31 போன்ற பெரிய ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் நன்றாக அடங்கும். யுஎஸ்பி ஒயருக்கு, பழைய மானிட்டர் கேபிள்களின் முனையில் வரும் அந்தக் கருப்பு உருளையை உடைக்காமல் எடுத்து மாட்டலாம், அல்லது கிளிப்-ஆன் ஃபெரைட் வாங்கி ஒயரை அதற்குள் இரண்டு மூன்று முறை சுற்றி மூடலாம். யுஎஸ்பி ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. திருப்பரங்குன்றத்தில் ஒரு தம்பி மூன்று மீட்டர் ஒயரைச் சுருட்டி ரேடியோ மேலேயே வைத்திருந்தான், 15 மீட்டர் பேண்டில் போடும் ஒவ்வொரு முறையும் கார்டு கழன்றது. அரை மீட்டர் ஒயருக்கு மாறியதும் நின்றுவிட்டது, ஃபெரைட்டே தேவைப்படவில்லை.

நம் சிக்னல் சுத்தமாகப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிஎஸ்கே ரிப்போர்ட்டர் என்ற இணையதளத்தின் வரைபடத்தைத் திறந்தால் யார் யார் நம்மைக் கேட்டார்கள், எந்த அளவில் என்பது சில நிமிடங்களில் தெரியும், இரண்டாவது வகை போன் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அங்கே உங்கள் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தும் யாரும் பதில் சொல்லவில்லை என்றால் ஆடியோ நன்றாகவே இருக்கிறது, நீங்கள் ஒருவேளை இன்னொருவர் மேலேயே உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் சுத்தத்தை அந்த வரைபடம் சொல்லாது. அதற்கு ஊரில் இன்னொரு ஹாம் தேவை. அவர் திரையில் உங்கள் சிக்னலுக்கு இருபுறமும் 100 ஹெர்ட்ஸ் தள்ளி உங்கள் அழைப்புக்குறியே பேய் மாதிரி டீகோட் ஆகிறதா என்று கேளுங்கள். ஆகிறதென்றால் உங்கள் பவர் சப்ளையின் ரிப்பிள் சிக்னலில் ஏறியிருக்கிறது. இரட்டை மடங்கில் தெரிந்தால் ஆடியோ அதிகம். இதைச் சொல்ல உள்ளூரில் நண்பர் வேண்டும், அவர் தயங்காமல் சொல்பவராகவும் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இந்த இரண்டாவதுதான் கஷ்டம், "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசியாக, ஆடியோ மேல் வீண்பழி விழும் ஒரு விஷயம். பூமியின் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. அங்கே கிருஷ்ணாபுரத்தில் பூமத்தியரேகைப் புவி இயற்பியல் ஆய்வகம் இருப்பதற்கும், திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் 1963இல் ராக்கெட் விட இடம் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் அதுவே. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், சில நாட்களில் பொழுது சாய்ந்த பிறகு அயனிமண்டலம் (ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டல அடுக்கு) கலைந்து, 10 மீட்டர், 15 மீட்டர் சிக்னல்கள் எல்லாம் நடுங்க ஆரம்பிக்கும். வாட்டர்ஃபாலில் கோடு பளிச்சென்று இருக்கும், ஓரம் மட்டும் பஞ்சு மாதிரி பிசிறும். டோன் இடைவெளியே 6.25 ஹெர்ட்ஸ்தான், நடுக்கம் அதைக் கலைக்கும் அளவுக்குப் போனால் எவ்வளவு பலமான சிக்னலும் டீகோட் ஆகாது. காலையில் நன்றாக ஓடிய செட்டப் ராத்திரி எட்டு மணிக்கு ஊமையானால் சவுண்ட் கார்டைக் கழற்ற வேண்டாம். 40 மீட்டருக்கு மாறிப் பாருங்கள், அங்கே டீகோட் ஆனால் ஒயரில் ஒரு குறையும் இல்லை.

அலங்காநல்லூர்ப் பக்கம் பேட்டரியில் போட ஒரு சிறு திட்டம் இருக்கிறது. மதுரை நகரம் எம்ஜே99, 10 பாகை அட்சரேகையைத் தாண்டி வடக்கே போனதும் எம்கே90, அரை மணி நேர பைக் பயணத்தில் கிரிட்டின் பெரிய எழுத்தே மாறிவிடும். அங்கே வயல்வெளியில் இரைச்சல் குறைவு, வீட்டில் 30 காட்டிய பட்டை அங்கே 15, 20இல்தான் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து ரேடியோ கெட்டுவிட்டது என்று யாரும் போன் செய்ய வேண்டாம், யுஎஸ்பி அவுட்புட் லெவலைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும். வர விரும்புபவர்கள் சொல்லுங்கள், ஒரு வண்டியில் இடம் இருக்கிறது, ஃபெரைட் கைவசம் இருந்தால் எடுத்து வாருங்கள்.